மாரியில் வான்கோழி: கேட்டவர்களுக்குப் பதில்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. ஒட்டுசுட்டானில் என் வளவில் பதினொரு வான்கோழிகள் நிற்கின்றன. விற்க அல்ல, ஆசைக்கு. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

துணுக்காய்த் தங்கச்சி: இரவில் குளிருமே அக்கா, பெரிய கோழிகளுக்கு பல்ப் போடவா?

வேண்டாம். இறகு முற்றிய வான்கோழிக்கு எங்கள் மார்கழிக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் செத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நனைந்த உடம்பில் வாடைக்காற்று அடித்தால் மாடே தாங்காது. கொட்டிலை மேட்டில் போடுங்கள். வடக்கையும் கிழக்கையும் தரப்பாளால் மறையுங்கள், ஆனால் கூரைக்குக் கீழே காற்றுப் போக இடைவெளி இருக்கட்டும். நிலத்தில் உமி நாலு விரல் உயரம். கையில் அள்ளிப் பிசைந்தால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அன்றே மாற்றுங்கள்.

விசுவமடுத் தம்பி: ஐந்து நாள் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன.

பல்ப் தேவைப்படுவது இவைக்குத்தான். முதல் வாரம் 35 பாகைச் சூடு, பிறகு வாரம் 3 பாகையாகக் குறையுங்கள். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்து கத்தினால் சூடு போதாது; வாயைப் பிளந்து சுவரோரம் ஒதுங்கினால் அதிகம். அப்புறம், தம்பி, கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் அது பட்டினிச் சாவு. வான்கோழிக் குஞ்சுக்குத் தின்னவே சொல்லிக் கொடுக்க வேண்டும். அவித்த முட்டையை முருங்கை இலையோடு பொடியாக நறுக்கி, விரலால் தட்டிக் காட்டுங்கள். தண்ணீர்த் தட்டில் வண்ணப் போளைகள் போட்டால் கொத்திப் பார்த்துக் குடிக்கப் பழகும். சிலர் ஒரு கோழிக்குஞ்சைத் துணைக்கு விடுவார்கள். நான் விடமாட்டேன்.

நெடுங்கேணி அண்ணை: ஏன்? ஊர்க்கோழியோடு விட்டால் என்ன?

கருந்தலை நோய், அண்ணை. கோழியின் குடலில் இருக்கும் சிறு புழுவின் முட்டைக்குள் அந்தக் கிருமி இருக்கும். கோழிக்கு ஒன்றும் தெரியாது. எச்சத்தோடு மண்ணில் விழுந்த முட்டை வருடக்கணக்கில் கிடக்கும். மண்புழுவும் அதைச் சுமக்கும். மழைக்கு மண்புழு மேலே வர, வான்கோழி ஓடி ஓடிக் கொத்தும். பிறகு ஈரல் அழுகி, கந்தக மஞ்சளாகக் கழிந்து, சில நாளில் விழும். ஒரு மாரியில் ஏழு குஞ்சுகளை இப்படிப் புதைத்தேன்.

மல்லாவி: தனிக் கூடு இல்லை, மாரி முடியும்வரை மட்டும் ஒன்றாக விடலாமா?

மாரியில்தான் விடவே கூடாது.

பூநகரி: ஒரேயொரு கோழி என்றால்?

ஒன்றும் வேண்டாம்.

மீண்டும் நெடுங்கேணி அண்ணை: எங்கள் அப்பு முப்பது வருடம் ஒன்றாகத்தான் வளர்த்தார்.

அப்புவை நான் மறுக்கவில்லை. அந்த வளவு மணலாக, வெள்ளம் நிற்காததாக இருந்திருக்கலாம்; புழு பரவாமல் இருந்திருக்கலாம். அப்புவின் காலத்தில் எத்தனை குஞ்சு பொரித்து எத்தனை பெரிதாகின என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பத்தில் இரண்டு தப்பினாலும் "நல்லாய் வளர்ந்தது" என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். செத்த எட்டை யாரும் எண்ணுவதில்லை. அந்த எட்டுக்காகத்தான் இவ்வளவு கதைக்கிறேன்.

முறிகண்டி: கச்சான் பிண்ணாக்கு கொஞ்சம் பூத்துவிட்டது, காயவைத்துப் போடலாமா?

போடாதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கால்தான். அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அவித்தாலும் அது போகாது. சோளமும் அப்படியே. சாக்கை நிலத்தில் வைக்காமல் பலகையில் வையுங்கள்.

கனடாவிலிருந்து ஒரு தம்பி: இங்கே உறைபனி, என் இரண்டும் தாங்குமா?

அது அவற்றின் சொந்த ஊர், தம்பி. காட்டு வான்கோழி பனிக்காலத்திலும் மரத்தில்தான் தூங்கும். தண்ணீர் உறையாமலும் முகத்துத் தொங்குதசை உறைந்து கறுக்காமலும் பாருங்கள்.

மாங்குளம்: முகத்தில் கறுப்புப் பொருக்கு.

அம்மையாக இருக்கலாம், நுளம்பு பரப்பும். மிருக வைத்தியரிடம் இன்றைக்கே காட்டுங்கள். பக்கத்தில் ஊர்க்கோழி நிற்கிறதா? நின்றால் முதலில் பிரியுங்கள்.