ரேடியேஷன் மாஸ்க்குக்குள் மூச்சு முட்டுகிற பயத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?

"ரேடியேஷன் கொடுக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்தில் மாட்டுகிற மாஸ்க்குக்கு அளவெடுத்த அன்றே பயந்து எழுந்து வந்துவிட்டேன், அடுத்த வாரம் சிகிச்சை ஆரம்பம்" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் முதல் நாள் பாதியில் எழுந்தவன். அதன் பிறகு 35 முறையும் படுத்து முடித்தேன்.

எனக்கு ஊர் காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி. தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையில் முப்பது வருஷ வேலை. குரல்வளையில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும் மதுரையில் ரேடியேஷன் கொடுத்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஏழு வாரம்.

மாஸ்க் செய்யும்போது எனக்குப் பயமே இல்லை. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி, இறுகும்வரை பிடித்திருந்தார்கள். அச்சு எடுப்பது எனக்குப் பழகிய வேலைதானே. முதல் சிட்டிங்கில் அதை மேசையோடு சேர்த்துப் பூட்டியபோதுதான் எல்லாம் மாறியது. தலை அசையவில்லை, தாடை அசையவில்லை, வாய் திறந்து கூப்பிட முடியவில்லை. கூட இருந்தவர்கள் வெளியே போய்க் கதவும் மூடிக்கொண்டது. அன்று யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை. காலை உதைத்துக்கொண்டு முனகினேன். ஓடி வந்து கழற்றினார்கள். வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். "வேணாங்க, ஊருக்கே போயிருவோம்" என்றாள் என் மனைவி.

மறுநாள் மெஷின் பார்க்கிற தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஐயா, உங்களைக் கேமராவுல பாத்துக்கிட்டேதான் இருப்போம். மைக்குல பேசுவோம். கையை லேசாத் தூக்குங்க, நிறுத்திட்டு உள்ள வந்துருவோம்" என்றார். சொன்னதோடு விடாமல், மெஷினைப் போடாமலே மாஸ்க்கை மாட்டி, என்னைக் கை தூக்கச் சொல்லி, இரண்டு தடவை வந்து கழற்றிக் காட்டினார். நிறுத்தச் சொல்ல வழியில்லை என்பதுதான் என்னை அவ்வளவு ஆட்டியிருக்கிறது. வழி இருக்கிறது என்று கை அறிந்தபின் நெஞ்சும் அடங்கியது.

இவ்வளவு இறுக்கம் ஏன் என்றும் அவர்தான் சொன்னார். தண்டுவடமும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கட்டிக்கு மிக அருகே இருக்கின்றன. சில மில்லிமீட்டர் விலகினாலும் கதிர் தப்பான இடத்தில் பட்டுவிடும். மாஸ்க் முழுக்கத் துளைதான், காற்று தாராளமாக வரும். கதிர் படும்போது வலியும் தெரியாது.

உள்ளே இருந்த கால் மணி நேரமும் நான் மனசுக்குள் பூக்கல் செய்தேன். கண்ணாடியை வைத்து, அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் சாயம் ஊற்றி, கலையாமல் அச்சைத் தூக்கி, உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, கலவை போட்டு மட்டம் தட்டுவேன். அவசரப்பட்டால் சாயம் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால் மூச்சும் தானாக நிதானப்படும். மூன்றாவது கல்லில் கதவு திறந்துவிடும். உங்கள் கைக்குப் பழகிய வேலை எதுவோ, அதை மனசுக்குள் விடாமல் வரிசையாகச் செய்யுங்கள், அது கோலம் போடுவதாக இருந்தாலும் சரி. கண்ணை மட்டும் மாஸ்க் மாட்டுவதற்கு முன்னாலேயே மூடிக்கொள்ளுங்கள்.

வீட்டில் தலையணை இல்லாமல் தரையில் கால் மணி நேரம் அசையாமல் படுத்துப் பழகியதும் உதவியது. மூன்றாவது வாரத்திலிருந்து எச்சில் கொழகொழவென்று தொண்டையில் நின்றது. அப்போதும் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். அவர்கள் சொன்னபடி உப்பும் சமையல் சோடாவும் கரைத்த தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் படுப்பேன். பக்கத்துக் கட்டில் அண்ணனுக்குப் பயம் தணிய டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அரை மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்வார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தாராளமாகக் கேளுங்கள். நீங்களாக எதையும் வாங்கிப் போடாதீர்கள்.

ஒரு தப்புச் செய்தேன். எடை குறைந்து மாஸ்க் தொளதொளவென்று ஆனபோது, இறுக்கம் விட்டதே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். அவர்களே கவனித்து, புதிதாக அளவெடுத்தார்கள். நீங்கள் உடனே சொல்லிவிடுங்கள். பயத்தால் நாள் தள்ளவும் செய்யாதீர்கள். இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் மறுபடி பெருகும்.

அடுத்த வாரம் போனதும், படுப்பதற்கு முன்னால் கேளுங்கள்: "நான் கை தூக்கினா எவ்வளவு நேரத்துல வருவீங்க? ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."