பேஸ்பாலும் ஸ்டீராய்டும்: மகனின் இன்ஹேலரை நிறுத்தியது சரியா?

கேள்வி: சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வசிக்கிறோம். எங்கள் 16 வயது மகன் ஜயன்ட்ஸ் அணியின் தீவிர ரசிகன். பள்ளி பேஸ்பால் அணியிலும் ஆடுகிறான். அந்த அணியின் முன்னாள் வீரர் பாரி பாண்ட்ஸை, ஸ்டீராய்டு போட்டார் என்ற சந்தேகத்தால் பேஸ்பாலின் புகழரங்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்காதது அநியாயம் என்று வீட்டில் ஓயாமல் வாதாடுவான். ‘அந்தக் காலத்தில் எல்லாரும்தான் போட்டுக்கொண்டார்கள், ஊசி போட்டால் மட்டும் பந்து தானாக மட்டையில் வந்து படுமா?’ என்பது அவன் கட்சி. ஜிம்மில் பழக்கமான மூத்த பையன் ஒருவன், எட்டு வாரம் மட்டும் போட்டு நிறுத்திவிட்டால் ஒன்றும் ஆகாது என்று சொன்னதாக அண்மையில் அவனே எங்களிடம் சொன்னான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஆஸ்துமாவுக்காக அவன் சிறு வயது முதல் எடுத்துவரும் இன்ஹேலரிலும் ஸ்டீராய்டு இருப்பதை அறிந்து, இரண்டு வாரமாக அதையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். நாங்கள் செய்தது சரியா? அந்தப் பையன் சொல்வதில் உண்மை உண்டா?
– ஒரு தந்தை

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஹேலரை நிறுத்தியது தவறு. இன்றே உங்கள் குழந்தைநல மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு வாரம் விட்டுப்போனதைத் தெரிவித்து, அவர் சொல்லும் அளவில் மீண்டும் தொடங்குங்கள். ஓடி ஆடும் ஒரு பையனின் தடுப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், மூச்சுக்குழாயின் உள்சவ்வில் அடங்கியிருந்த அழற்சி சில வாரங்களில் திரும்பிவிடும். பிறகு ஒரு சளிக்காய்ச்சலோ, காட்டுத்தீப் புகையோ போதும், அவனை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப.

இன்ஹேலரில் உள்ள புடெசொனைடு, ஃப்ளூடிகசோன் போன்றவை கார்டிகோஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தவை. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோனின் உறவினர்கள் இவை. பேஸ்பால் வீரர்கள் பயன்படுத்தியதாகப் பேசப்படுபவையோ, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் அதை ஒட்டிச் செயற்கையாக உருவாக்கப்பட்ட அனபாலிக் ஸ்டீராய்டுகளும் ஆகும். இரண்டு வகைக்கும் மூலக்கூறின் அடிப்படைக் கட்டமைப்பு ஒன்றுதான் என்றாலும், உடலில் செய்யும் வேலை ஏறக்குறைய நேரெதிரானது. பின்னது தசையை வளர்க்கும். முன்னதை மாத்திரையாக நீண்ட காலம் உட்கொண்டால் தசை மெலியும். பந்து வீசும் பிட்சர்கள் தோள்பட்டை வலிக்காகப் போட்டுக்கொள்ளும் கார்டிசோன் ஊசியும் முதல் வகையைச் சேர்ந்ததுதான். பள்ளி அணியில் சேரும்போது நீங்களும் மகனும் கையொப்பமிட்ட படிவத்தை எடுத்துப் பாருங்கள். நோய்ச் சிகிச்சைக்காக மருத்துவர் எழுதித் தராத அனபாலிக் ஸ்டீராய்டைப் பயன்படுத்த மாட்டோம் என்பதே கலிஃபோர்னியாவில் வாங்கப்படும் உறுதிமொழி. ஆஸ்துமா இன்ஹேலர் அதில் அடங்காது. சிறு வயதில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு முழு வளர்ச்சியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம் குறையலாம் என்பது உண்மை. ஆனால் கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாவின் ஆபத்தோடு வைத்துப் பார்த்தால் அது மிகச் சிறிய விலை. இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்; அவ்வளவுதான்.

இனி உங்கள் மகனின் வாதத்துக்கு வருகிறேன். பேஸ்பால் ரசிகர்களுக்குள் கால் நூற்றாண்டாக ஓயாத சண்டை இது. அவன் கட்சியில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. பிட்சரின் கையிலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து, ஏறக்குறைய 0.4 விநாடியில் மட்டையாளரை அடைந்துவிடுகிறது. அதற்குள் அதன் சுழற்சியைப் படித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்கும் கண்ணையும் மூளையையும் எந்த ஊசியும் கொடுத்துவிடாது. ஆனால் பந்தைத் தொடத் தெரிந்த ஒருவருக்குக் கூடுதல் தசை என்ன தரும் என்பதுதான் கேள்வி. 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், உடற்பயிற்சியோடு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்ட ஆண்களுக்குப் பத்தே வாரத்தில் கொழுப்பு நீங்கலான உடல் எடை சராசரியாக 6 கிலோ கூடியது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ரோஜர் டோபின் 2008இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, மட்டையை விட்டுப் பறக்கும் பந்தின் வேகம் சில சதவீதம் உயர்ந்தாலே எல்லைச் சுவரைத் தாண்டும் ஹோம் ரன்களின் எண்ணிக்கை குறைந்தது 50 சதவீதம் கூடக்கூடும். எல்லைச் சுவரருகே பிடிபடவேண்டிய பந்துகள் பல, சுவரைத் தாண்டிவிடும் என்பதே காரணம். ஆகவே மருந்து வேலை செய்யாது என்று மகனிடம் சொல்லாதீர்கள். மருத்துவர்களான நாங்கள் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிவந்தோம். ஜிம்முக்குப் போகும் எந்த இளைஞனும் நம்பவில்லை, அதோடு நாங்கள் சொன்ன மற்றவற்றையும் நம்பாமல் போனான்.

‘எல்லாரும் போட்டார்கள்’ என்பதுதான் மிகை. 1961இல் ரோஜர் மாரிஸ் அடித்த 61 ஹோம் ரன் சாதனை 37 ஆண்டுகள் நின்றது. 1998இல் மார்க் மெக்குவையர் 70, சாமி சோசா 66. 2001இல் 37 வயதை எட்டிய பாண்ட்ஸ் 73. இந்தத் திடீர் வெள்ளம்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. 2003இல் வீரர்களிடம் பெயர் வெளியிடாமல் நடத்தப்பட்ட சோதனையில், முன்னறிவிப்பு இருந்தும் ஐந்து சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் சிக்கினார்கள். பேஸ்பாலில் ஊக்கமருந்துப் பயன்பாட்டை விசாரித்து 2007 டிசம்பரில் வந்த மிட்செல் அறிக்கை 89 வீரர்களின் பெயரைக் குறிப்பிட்டது. மருந்தைத் தொடாமல் ஆடி, அதனாலேயே இடத்தை இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குப் பட்டியல் கிடையாது. பாண்ட்ஸைப் பொறுத்தவரை, தெரிந்து பயன்படுத்தியதாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. நீதி விசாரணைக்கு இடையூறு செய்தார் என்ற 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 2015இல் மேல்முறையீட்டில் ரத்தாயிற்று. ஹால் ஆஃப் ஃபேமுக்கு 75 சதவீத வாக்கு வேண்டிய இடத்தில், பேஸ்பால் செய்தியாளர்களின் வாக்கெடுப்பில் தன் கடைசி ஆண்டான 2022இல் அவருக்கு 66 சதவீதமே கிடைத்தது. அது நியாயமா இல்லையா என்பதை ரசிகர்களிடமே விட்டுவிடுகிறேன். மருத்துவமனையில் என் முன் வந்து அமரும் பையனுக்கு அந்த வாக்கெடுப்பால் ஆவது ஒன்றுமில்லை.

எனக்குக் கவலை தருவது அந்த எட்டு வாரக் கணக்குத்தான்.

டெஸ்டோஸ்டிரோனை விரைகள் தம் விருப்பப்படி சுரப்பதில்லை. மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸும் பிட்யூட்டரிச் சுரப்பியும் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துக் கட்டளை அனுப்புகின்றன. மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் வெளியிலிருந்து வாளி வாளியாக ஊற்றினால் மிதவை மேலேறி வால்வை அடைத்துவிடுமே, அதுபோல ஊசி வழியாக ஹார்மோன் வந்து நிறைந்ததும் மூளை கட்டளையை நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு உற்பத்தி அறவே நின்றுபோகவும் கூடும். ஊசியை நிறுத்திய மறுநாளே இந்த ஏற்பாடு விழித்துக்கொள்வதில்லை. மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு ஓர் ஆண்டைத் தாண்டலாம், சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலே போகலாம். சான் டியேகோ பாட்ரேஸ் அணியின் கென் கேமினிட்டி 1996இல் 40 ஹோம் ரன் அடித்து, நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர். அந்தப் பருவத்தில் ஸ்டீராய்டு பயன்படுத்தியதாக 2002இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழுக்கு அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய டெஸ்டோஸ்டிரோன், இருக்கவேண்டிய அளவில் 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்ததும் அதே கட்டுரையில் வந்தது. விருது வாங்கியபோது அவருக்கு வயது 33. பருவ வளர்ச்சி முடிந்து பல ஆண்டுகள் ஆன உடல் அது.

உங்கள் மகனுக்கு 16. அவன் உடலில் அந்த ஏற்பாடு இன்னும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எலும்பு நுனிகளில் வளர்தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி உண்டு; அது மூடும்வரைதான் உயரம் கூடும். வெளியிலிருந்து செலுத்தும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடல் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. வளர்தட்டை மூடச் சொல்லும் சமிக்ஞை அந்த ஈஸ்ட்ரோஜன்தான். பையன் தடிப்பான், உயர மாட்டான். ஈஸ்ட்ரோஜனின் இன்னொரு வேலை, மார்புக் காம்பின் கீழ் கட்டியாகத் திரளும் திசு. ஒருமுறை திரண்டு இறுகிவிட்டால் மருந்தால் கரையாது, அறுவைச் சிகிச்சைதான். இதையெல்லாம் ஒளித்துவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சட்டையைக் கழற்றாமல் திரியும் பிள்ளைகள் உண்டு.

இதயத்துக்கும் கல்லீரலுக்கும் நேர்வது நிதானமாக நேர்கிறது. நல்ல கொழுப்பு சரியும், இரத்த அழுத்தம் ஏறும், இதயச் சுவர் தடிக்கும், மாத்திரை வடிவில் வருபவை கல்லீரலைத் தாக்கும். தசை வேகமாகப் பெருக்கும்போது அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் அதே வேகத்தில் வலுப்பெறாது. அதனால் அறுந்துபோகும் அபாயமும் உண்டு. காயத்திலிருந்து மீளவே பயன்படுத்தினேன் என்று 2010 ஜனவரியில் மெக்குவையர் ஒப்புக்கொண்டபோது, என்னால் அதை முழுதாகத் தள்ளவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. பயிற்சிக்குப் பிந்தைய சோர்விலிருந்து உடல் விரைவில் மீள்வது உண்மைதான். ஆனால் ஒருவரது எடையும் பலமும் கூடுவது அதே மருந்தின் அதே விளைவு அல்லவா?

பெற்றோர் கவனிக்கத் தவறுவது மனத்தில் நேரும் மாற்றத்தைத்தான். மருந்து உள்ளே இருக்கும்போது எரிச்சலும் ஆவேசமும் தெரியும். நிறுத்திய பிறகு, உடலின் சொந்தச் சுரப்பு திரும்பாத அந்த இடைவெளியில், கடும் மனச்சோர்வு வரலாம். டெக்சாஸ் மாநிலத்தின் பிளேனோ நகரில் பள்ளி பேஸ்பால் ஆடிய 17 வயது மாணவன் 2003 ஜூலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். ஸ்டீராய்டை நிறுத்தியபின் வந்த மனச்சோர்வே காரணம் என்று அவன் தந்தை 2005 மார்ச் 17 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அதே நாளில், அதே குழுவின் முன்தான் மெக்குவையரும் சோசாவும் அமர்ந்திருந்தார்கள். மறுநாள் செய்திகளில் நட்சத்திரங்களே நிறைந்திருந்தார்கள். உங்கள் மகன் கேட்கவேண்டியது அந்தத் தந்தை சொன்னதை. கேமினிட்டி 2004இல் தம் 41ஆம் வயதில் இறந்தார். கோகெய்னும் அபின் வகைப் போதைப்பொருள்களும் மரணத்துக்குக் காரணம். தடித்த இதயமும் இதய நாளங்களின் நோயும் துணைக்காரணங்கள் என்று பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது. அந்த இதயத்தில் ஸ்டீராய்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. நானும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, குப்பிக்குள் இருப்பது என்ன என்பதே பெரும்பாலும் தெரியாது. 1998இல் மெக்குவையரின் லாக்கரில் செய்தியாளர் ஒருவர் கண்ட ஆண்ட்ரோஸ்டீன்டையோன் குப்பி, அன்று அமெரிக்கக் கடைகளில் எவரும் வாங்கக்கூடிய சத்துப்பொருள். 2005 முதல் அது தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டுப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் பகுதியிலேயே, பர்லிங்கேமில் இயங்கிய பால்கோ என்ற நிறுவனம் விளையாட்டு வீரர்களுக்கு வழங்கிய டிஎச்ஜி என்ற ஸ்டீராய்டு, சோதனையில் சிக்கக்கூடாது என்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. மனிதருக்குப் பாதுகாப்பானதா என்று எவரும் ஆராய்ந்து பார்க்காத அந்தப் பொருளை, ஒரு பயிற்சியாளர் அனுப்பிய சிரிஞ்சில் ஒட்டியிருந்த எச்சத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வகம் ஒன்று 2003இல் கண்டுபிடித்தது. ஜிம் பையன்கள் இன்று தசை வளர்க்க இணையத்தில் வாங்கும் சார்ம்ஸ் வகைப் பொடிகளும் சொட்டுமருந்துகளும் அந்த வரிசைதான். மனிதர் பயன்பாட்டுக்கு அங்கீகாரம் இல்லாதவை, கல்லீரல் பாதிப்புக்காக அரசின் எச்சரிக்கை பெற்றவை.

2022 ஆகஸ்டில் பாட்ரேஸ் வீரர் ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியர் க்ளோஸ்டெபால் என்ற அனபாலிக் ஸ்டீராய்டுக்காக 80 ஆட்டங்களுக்குத் தடைசெய்யப்பட்டபோது, படர்தாமரைக்கு எடுத்துக்கொண்ட மருந்தில் அது இருந்தது தெரியாமல் போயிற்று என்றார். அந்த வழக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. அதற்கு வேண்டியது பூஞ்சை எதிர்ப்பு மருந்து, ஸ்டீராய்டு எதுவுமே அல்ல. ஊரிலிருந்து வருபவர்கள் பையில் கொண்டுவரும், பல மருந்துகள் கலந்த தோல் களிம்புக் குழாய்களை மகனுக்குக் கொடுக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது கார்டிகோஸ்டீராய்டு. சோதனையில் சிக்கவைக்காது என்றாலும் தொற்றைப் பரப்பிவிடும்.

மகன் பேஸ்பால் பார்ப்பதையோ பாண்ட்ஸுக்காக வாதாடுவதையோ தடுக்காதீர்கள். ஜிம் நண்பன் சொன்னதை உங்களிடம் வந்து சொன்ன பிள்ளை அவன்; அந்த வழி அடைபடக்கூடாது. இன்ஹேலர் தொடர்பாக மருத்துவரைப் பார்க்கும்போது அவனைச் சில நிமிடம் தனியாக மருத்துவரிடம் பேச விடுங்கள். முதுகிலும் தோளிலும் திடீரெனப் பெருகும் பருக்கள், சில வாரங்களில் பல கிலோ எடை, மார்புக் காம்பில் வலி, காரணமற்ற சீற்றம் ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்காதீர்கள். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், பிட்யூட்டரி சுரக்கும் எல்எச், கல்லீரல் நொதிகள், கொழுப்பு, ஹீமோகுளோபின் அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே எதையேனும் தொடங்கியிருப்பது தெரியவந்தால் குப்பியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு விஷயம் முடிந்ததாக இருந்துவிடாதீர்கள். குப்பியோடு அவனை நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். நிறுத்தியபின் வரும் மாதங்களில் அவன் மனநிலையை உற்றுக் கவனியுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். அமெரிக்காவில் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.