ஜாஸ் கோட்ஸை வைத்து மனோதர்மமாக வாசிப்பது: திருகோணமலை வாசிப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

உப்புவெளி, கிற்றார்: அண்ணா, ஹோட்டலில் ஜாஸ் வாசிக்கிறோம். கோட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாற மாற ஒவ்வொன்றுக்கும் ஸ்கேல் (சுர வரிசை) தேடுவதற்குள் பாட்டு ஓடிவிடுகிறது.

தனித்தனியாகத் தேட வேண்டாம் தம்பி. அந்த வரிசை எங்கே போய் அமர்கிறது என்று முதலில் பாருங்கள். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் மூன்றுமே சி மேஜருக்குள் அடங்கியவை. அதன் இரண்டாம், ஐந்தாம், முதலாம் சுரங்களில் எழும் கோட்கள் இவை; "இரண்டு, ஐந்து, ஒன்று" என்பது இதைத்தான்.

அப்புறம் ஒவ்வொரு கோட்டின் அடிச் சுரத்திலிருந்து எண்ணி, மூன்றாம், ஏழாம் சுரங்களைப் பிடியுங்கள். கோட்டின் குணம் அங்கேதான் இருக்கிறது. டி மைனர் செவனுக்கு எஃப்பும் சியும்: நாலாம் கம்பியில் மூன்றாம் ஃபிரெட் (கிற்றார் கழுத்திலுள்ள உலோகக் கோடு), மூன்றாம் கம்பியில் ஐந்தாம் ஃபிரெட். ஜி செவன் வரும்போது எஃப் நிற்க, சி ஒரு ஃபிரெட் இறங்கி பி ஆகும். சி மேஜர் செவனில் பி நிற்க, எஃப் இறங்கி ஈ ஆகும். இந்த இரண்டு இறக்கங்களை மட்டும் வாசியுங்கள். பின்னணி இல்லாமலே கோட் மாறுவது காதில் விழும். நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுதான் என்றால் இதைத்தான் சொல்வேன்.

கர்நாடக வயலின் மாணவி: டி மைனர் செவனுக்குக் கரகரப்பிரியா, ஜி செவனுக்கு ஹரிகாம்போதி வாசிக்கலாமா?

சுரக் கணக்கு சரி தங்கச்சி. சி மேஜர் என்பது சங்கராபரணத்தின் சுரங்கள்தான்; அதன் ரியை சட்ஜமாக்கினால் கரகரப்பிரியா, பஞ்சமத்தை ஆக்கினால் ஹரிகாம்போதி. ஆனால் ஒவ்வொரு பாரிலும் (தாள அளவிலும்) சட்ஜத்தை மாற்றினால் எந்த ராகமும் நிலைகொள்ளாது. உங்கள் பயிற்சி நன்றாகக் கைகொடுக்கும் இடம், ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிவுசெய்த 'ஸோ வொட்' என்ற பாட்டு. அதில் டியைச் சட்ஜமாக வைத்து 16 பார் கரகரப்பிரியாவின் சுரங்கள், அரைச் சுரம் மேலே 8 பார், மறுபடி டியில் 8 பார். ஆற அமர விரித்து வாசிக்கலாம்.

சேர்ச்சில் கீபோட் வாசிப்பவர்: ஜி செவன் வரவேண்டிய இடத்தில் டி ஃபிளாட் செவன் போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

பிழையில்லை. இரண்டிலும் எஃப்பும் பியும் உண்டு, மூன்றாவதும் ஏழாவதும் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். இடது கையில் டி, டி ஃபிளாட், சி என்று படிப்படியாக இறங்கிப் பாருங்கள், ஏன் அப்படிப் போட்டார்கள் என்று உடனே விளங்கும்.

நிலாவெளி, சாக்ஸஃபோன்: சாக்ஸஃபோன் கலைஞர் ஜோன் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பாட்டை எடுத்துத் தொடங்கட்டுமா?

இப்போது வேண்டாம். அது பி, ஜி, ஈ ஃபிளாட் என்று மூன்று சுருதிகளுக்குள் அதிவேகமாகச் சுழல்வது. புளூஸ் என்ற 12 பார் பாட்டு வடிவத்தில் முதல் நாலு பாரை எடுத்து, மூன்றாம், ஏழாம் சுரங்களை வாயால் பாடிவிட்டு வாசியுங்கள்.