அலாஸ்காவில் வில்லோடு மூஸ் வேட்டை: வாசகர் கேள்வி பதில்

சாலை எட்டாத அலாஸ்கா காட்டுக்குள் வில்லும் அம்புமாக மூஸ் (மான் இனத்திலேயே மிகப் பெரியது) வேட்டைக்குப் போவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். வில்லைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். எங்கள் பதில்களில் கறியைச் சுமப்பது பற்றியே அதிகம் இருக்கும். இந்த வேட்டையில் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகனும் இல்லை, அங்கே வசிப்பவனும் இல்லை. தனியாகப் போய் வேட்டையாட முடியுமா?

முடியாது. அலாஸ்கா சட்டப்படி, அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் எந்தப் பெரிய விலங்கை வேட்டையாடுவதென்றாலும் உரிமம் பெற்ற கைடு கூடவே இருக்க வேண்டும். மற்ற மாநிலங்களில் வசிக்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மூஸ் வேட்டையில் இந்தக் கட்டாயம் இல்லை. பழுப்புக் கரடி, டால் ஆடு (வெள்ளைக் காட்டுச் செம்மறி), மலை ஆடு ஆகிய மூன்றுக்குத்தான் அவர்களுக்குக் கைடு தேவை.

வேட்டை உரிமம், மூஸுக்கான பூட்டு டேக் (வீழ்த்திய விலங்கில் மாட்டும் அடையாளத் தகடு), வேட்டைச் சீட்டு மூன்றையும் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். வில்லால் வேட்டையாட, அலாஸ்கா மீன், வேட்டை விலங்குத் துறை ஏற்றுக்கொண்ட வில் வேட்டைப் பயிற்சியை முடித்த சான்றிதழும் வேண்டும். இதைக் கடைசி மாதத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். பயிற்சியில் இடம் கிடைப்பது உங்கள் கையில் இல்லை.

மாநிலம் 26 வேட்டை யூனிட்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தேதி, கொம்பு அளவு, எலும்பு விதி எல்லாம் யூனிட்டுக்கு யூனிட் மாறும். உங்கள் யூனிட்டுக்கான பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் சிக்னல் இருக்காது. இன்னொன்று: சிறு விமானத்தில் போய் இறங்கிய அன்றைக்கே வேட்டையாடக் கூடாது. மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான் தொடங்கலாம். முதல் நாள் மாலையே கூடாரத்துக்கு எதிரே காளை (ஆண் மூஸ்) வந்து நின்றாலும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: என்னிடம் 50 பவுண்டு காம்பவுண்ட் வில் (உருளைகள் வைத்த வில்) இருக்கிறது. போதுமா?

சட்டத்துக்குப் போதும். மூஸுக்குக் குறைந்தது 50 பவுண்டு இழுவிசை, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை. அம்பு முனையோடு சேர்த்துக் குறைந்தது 300 கிரெயின் எடை, அதாவது ஏறக்குறைய 19 கிராம். இது கீழ் எல்லை மட்டுமே. அதையே இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காளை மூஸ் 500 முதல் 700 கிலோ வரை இருக்கும். தடித்த தோல், அடர்ந்த மயிர், அகன்ற விலா எலும்பு எல்லாவற்றையும் கடந்து அம்பு மறுபக்கம் வெளியேற வேண்டும். இரண்டு துளை விழுந்தால்தான் தரையில் ரத்தத் தடம் நன்றாகக் கிடைக்கும். நாங்கள் சொல்வது 60 முதல் 70 பவுண்டு வில், 500 முதல் 600 கிரெயின் அம்பு, அசையாத அலகு வைத்த பிராட்ஹெட் (கூரிய அலகுகள் கொண்ட வேட்டை அம்பு முனை). விரியும் அலகு கொண்ட முனைகள் விரிவதற்கே தம் விசையில் ஒரு பங்கைச் செலவழித்துவிடும். சாய்வாகப் பட்டால் விலாவில் வழுக்கவும் கூடும். உங்கள் 50 பவுண்டு வில்லைத்தான் கொண்டுபோக வேண்டுமென்றால் கனமான அம்பு, குறுகலான இரட்டை அலகு முனை, 20 கெஜத்துக்குள் தூரம் என்று கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

கனமான அம்புக்கு மாறினால் சைட் பின்கள் (வில்லில் குறி பார்க்கும் ஊசிகள்) எல்லாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டும். பயிற்சி முனையை வைத்து அமைத்துவிட்டு, கிளம்பும் நாளில் பிராட்ஹெட்டை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பிராட்ஹெட்டின் அலகு காற்றைப் பிடிப்பதால் அம்பு வேறு இடத்தில்தான் போய்ப் படும். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே முனையால், மழைக்கோட்டும் கையுறையும் போட்டு, முட்டி போட்டு எய்து பாருங்கள். கோட்டின் கை நாணில் உரசுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: எங்கே குறி வைப்பது? படங்களில் ஆளுக்கொன்று காட்டுகிறார்கள்.

பக்கவாட்டில் நிற்கும் காளைக்கு, முன்காலின் பின்மடிப்பை ஒட்டி, நெஞ்சின் அடிக்கோட்டிலிருந்து மேலே மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். மூஸுக்குத் தோளுக்கு மேல் ஒரு திமில் உண்டு. கண் அதையும் சேர்த்துத்தான் உடலின் நடுவைக் கணக்கிடும். அதனால் அம்பு மேலே போய்விடுகிறது. திமிலை மனதால் வெட்டிவிட்டு அளவெடுங்கள்.

சற்று விலகித் திரும்பி நிற்கும்போது, அந்தப் பக்கத்து முன்கால் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை நோக்கி அம்பு போகும்படி குறி வையுங்கள். நுழையும் இடம் அப்போது விலாவில் பின்னே தள்ளி வரும், அது சரிதான். நேர் எதிரே முகம் காட்டி நின்றாலும், உங்களை நோக்கிச் சாய்ந்து நின்றாலும் எய்ய வேண்டாம். தோள் எலும்பில் அம்பு நின்றுவிட்டால் காளை காயத்தோடு போய்விடும். காத்திருந்தால் பெரும்பாலும் திரும்பும்.

அது தண்ணீரில் நின்றாலும் எய்யாதீர்கள். இடுப்பளவு குளிர்நீரில் அரை டன் உடலை இரண்டு பேரால் அறுக்கவும் முடியாது, இழுக்கவும் முடியாது.

கேள்வி: குரல் கொடுத்து அழைக்கும்போது காளை வருகிறது. ஆனால் வில் எல்லைக்குள் வராமல் நின்றுவிடுகிறது. ஏன்?

காற்றை மோந்து பார்க்க அது சுற்றி வருகிறது. கிட்டத்தட்ட எல்லாக் காளைகளும் கடைசி 100 மீட்டரில், குரல் வந்த இடத்துக்குக் கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது காற்று வீசிப் போகும் பக்கம், வளைந்துதான் வரும். நீங்களே அழைத்து நீங்களே எய்ய உட்கார்ந்தால் அது உங்களை மோப்பம் பிடித்துவிடும்.

இரண்டு பேராகப் பிரியுங்கள். எய்பவர் அழைப்பவருக்கு 40 முதல் 60 மீட்டர் முன்னால், கீழ்க்காற்றுப் பக்கம் ஒதுங்கி உட்கார வேண்டும். காளையின் கவனம் முழுக்கப் பின்னாலிருந்து வரும் குரலில் இருக்கும். எய்பவரைக் கடந்து பக்கவாட்டில் போகும். இருவரும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் காளை முகத்தை நேரே காட்டிக்கொண்டுதான் நிற்கும், எய்ய இடமே கிடைக்காது.

செப்டம்பர் தொடக்கத்தில் பசுவின் (பெண் மூஸின்) குரல் அவ்வளவாக எடுபடாது. அப்போது காய்ந்த தோள் எலும்பையோ துடுப்பையோ புதரில் உரசி, இடையிடையே காளையின் குட்டையான 'ஒவ்' உறுமலைக் கொடுங்கள். இனச்சேர்க்கைக் காலம் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும்தான் உச்சத்துக்கு வரும். அதை நெருங்க நெருங்க, மூக்கால் இழுத்து முடியும் பசுவின் நீண்ட முனகல் நன்றாக வேலை செய்யும். குளிர்ந்த, காற்றில்லாத விடியலில் குரல் கிலோமீட்டர் கணக்கில் போகும். காளை வந்து சேர ஒரு மணி நேரமும் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். அரை மணியில் எழுந்து இடம் மாறுகிறவர்கள், வந்துகொண்டிருக்கும் காளையைத் தாங்களே கலைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: கொம்பு 50 அங்குலம் இருக்கிறது என்று தூரத்திலிருந்து எப்படி உறுதி செய்வது?

பல யூனிட்களில் விதி இதுதான்: கொம்பின் மொத்த அகலம் 50 அங்குலம் இருக்க வேண்டும், அல்லது பிரௌ டைன் எனப்படும், முகத்துக்கு முன்னால் நீளும் கிளைகள் ஒரு பக்கத்திலாவது 3 இருக்க வேண்டும். சில யூனிட்களில் 4. ஒரு கிளை கணக்கில் சேர ஓர் அங்குலமாவது நீண்டு, அகலத்தைவிட நீளம் கூடுதலாக இருக்க வேண்டும்.

முதிர்ந்த காளையின் இரு கண்களுக்கு இடையே சுமார் 10 அங்குலம். முகம் நேரே இருக்கும்போது, கண்ணிலிருந்து ஒவ்வொரு பக்கமும் அதைப்போல இரண்டு மடங்கு கொம்பு நீண்டால் 50ஐத் தொடும். பக்கவாட்டுப் பார்வையில் அகலத்தை அளக்கவே முடியாது. சின்ன உடல் காளைக்குக் கண் இடைவெளியும் குறைவு. அதனால் கணக்கு ஏமாற்றும். ஆகவே பைனாகுலரில் கிளைகளை எண்ணுங்கள். எண்ண முடியவில்லை என்றால் நாணை விட வேண்டாம்.

கேள்வி: அம்பு பட்டதும் காளை ஓடாமல் அப்படியே நின்றால் என்ன செய்வது?

மூஸ் பல நேரம் அப்படித்தான் செய்யும். அசையாதீர்கள். எழவோ பேசவோ வேண்டாம். அழைப்பவர் மெல்லிய பசுக் குரலைத் தொடரட்டும், காளை அமைதியாகும். கிளைகள் மறைக்காமல் சரியான கோணம் கிடைத்தால் இரண்டாவது அம்பையும் விடுங்கள்.

அம்பைத் தேடி எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பில் நுரையோடு ரத்தம் இருந்தால் நுரையீரல். ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். குறைந்தது 5, 6 மணி நேரம். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல். 10 மணி நேரத்துக்குக் குறையாமல். அவசரப்பட்டுப் போய் எழுப்பிவிட்டால் அது சதுப்பைத் தாண்டிப் போய்ப் படுக்கும், பிறகு கிடைக்காது. முதல் 50 மீட்டரில் ரத்தமே தெரியாமல் இருக்கலாம், அடர்ந்த மயிர் உறிஞ்சிக்கொள்ளும். காளை நின்ற இடத்துக்கும் கடைசியாகத் தெரிந்த மரத்துக்கும் ரிப்பன் கட்டிவிட்டுத்தான் நகர வேண்டும்.

கேள்வி: இரண்டு பேர் போகிறோம். அறுத்துக் கொண்டுவர எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? கறி கெடாமல் இருக்க என்ன வழி?

கணக்கைப் பார்ப்போம். பெரிய அலாஸ்கா காளையில் 225 முதல் 300 கிலோ கறி. எலும்போடு ஒரு பின்தொடை மட்டும் 50 கிலோவைத் தாண்டும். ஒரு நடைக்கு 30 கிலோ என்றால் 8 முதல் 10 நடை. விழுந்த இடம் முகாமிலிருந்து 2 கிலோமீட்டர் என்றால், 9 நடைக்குப் போக வர 36 கிலோமீட்டர். கால் புதையும் மேட்டுப்புல் சதுப்பில் இது இரண்டு பேருக்கு இரண்டு முழு நாள் வேலை, மழை வந்தால் மூன்று. அதனால், ஓடுதளத்திலிருந்தோ ஆற்றங்கரையிலிருந்தோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எய்வதில்லை என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வில்லைக் கையில் பிடித்த பிறகு இந்த முடிவை எடுக்க மனம் வராது.

அறுக்கும் முறை: உடல் ஒருக்களித்துக் கிடக்கட்டும். வயிற்றைத் திறக்க வேண்டாம். மேலே இருக்கும் கால்களைக் கயிற்றால் மரத்தில் இழுத்துக் கட்டுங்கள். முதுகெலும்பு வழியே கழுத்திலிருந்து வால் வரை தோலைக் கீறுங்கள். கத்தி தோலுக்கு அடியில் நுழைந்து மேல்நோக்கி வெட்ட வேண்டும். வெளியிலிருந்து கீறினால் வெட்டுப்பட்ட மயிர் கறியெங்கும் ஒட்டும். தோலை வயிற்றுப்பக்கம் உரித்து விரித்தால் அதுவே சுத்தமான விரிப்பாகிவிடும். முன்தொடையைப் பிடித்து வைக்க மூட்டு கிடையாது, தசை மட்டும்தான். தூக்கிப் பிடித்தால் கத்தி தானே போகும். பின்தொடைக்கு இடுப்புப் பந்துமூட்டு வரை அறுத்து உள்ளே இருக்கும் நாரை வெட்டுங்கள். பிறகு முதுகுக்கறி, கழுத்து, நெஞ்சு, விலா. கடைசி விலாவுக்குப் பின்னே கையை நுழைத்து, குடலை அழுத்திக்கொண்டு, முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மென்தசையை எடுங்கள். இந்தப் பக்கம் இறங்கியதும் உடல் லேசாகும், இருவர் புரட்டிவிடலாம்.

இவை எல்லாவற்றையும் கொண்டுவருவது சட்டக் கட்டாயம். பல யூனிட்களில் தொடைகளும் விலாவும் எலும்போடுதான் வெளியேற வேண்டும். காளைக்கு மட்டும் அனுமதி உள்ள இடங்களில் ஆண் இனக்குறியின் ஒரு பகுதி ஒரு பின்தொடையில் ஒட்டியபடியே இருக்க வேண்டும். மறந்து அறுத்துவிட்டால் பிறகு ஒட்டவைக்க முடியாது.

கறி கெடுவது பெரும்பாலும் பின்தொடையின் உள்ளே, இடுப்பு மூட்டை ஒட்டித்தான். வெளியே குளிர்ந்திருக்கும், நடுவில் சூடு சிக்கிக்கொண்டு எலும்பைச் சுற்றிப் புளித்துப்போகும். அதனால் முதலில் பின்தொடைகளை எடுத்துத் தொங்கவிடுங்கள். மூச்சுவிடும் துணிப்பை வேண்டும், பெரியதாகக் குறைந்தது 8. பிளாஸ்டிக் பையில் மூடினால் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். நிழலில், காற்று புகும் இடத்தில், ஒன்றையொன்று தொடாமல் கிடைமட்டக் கம்பத்தில் தொங்க வேண்டும். மேலே தார்ப்பாயைக் கறியில் படாமல் கட்டுங்கள். மேற்பரப்பு காய்ந்து கருஞ்சிவப்புத் தோல் போல் ஆனால் ஈ முட்டையிடாது. அதுவரை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 60 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துத் தெளிக்கலாம். மழையில் நனைந்த பையை மாற்றிவிடுங்கள்; ஈரத்தோடு விட்டால் ஒரே இரவில் பிசுபிசுப்பு வந்துவிடும்.

கேள்வி: கரடிக்கு என்ன ஏற்பாடு?

முதல் நடையிலேயே எல்லாக் கறியையும் குடல் கிடக்கும் இடத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்து தெரியும் திறந்த இடத்துக்கு நகர்த்துங்கள். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் நின்று, பைனாகுலரில் பார்த்து, சத்தம் கொடுத்த பிறகே நெருங்க வேண்டும். முகாமில் கறியைக் கூடாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு, பேட்டரி மின்வேலியை அதைச் சுற்றிக் கட்டுங்கள். கரடி ஸ்பிரே (கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான்) இடுப்பில் இருக்க வேண்டும்; பைக்குள் கிடந்தால் பயனில்லை. பயணிகள் விமானத்தில் அதை ஏற்ற விடமாட்டார்கள், அலாஸ்காவில்தான் வாங்கியாக வேண்டும். சிறு விமானத்தின் பைலட்டிடம் ஏறும் முன்பே சொல்லுங்கள். தண்ணீரில் இறங்கும் விமானம் என்றால், பயணிகள் பக்கம் வைக்காமல் அதன் மிதவைக்குள் வைத்துக்கொள்வார்.

கரடி கறியைப் பிடித்துவிட்டால் அதோடு போட்டி போட வேண்டாம்.

கேள்வி: கொம்பை முதல் நடையிலேயே கொண்டுவந்துவிடலாமா?

கூடாது. கறிக்கு முன்னால் கொம்பு வெளியேறக் கூடாது என்பது சட்டம். கடைசிச் சுமையோடு எடுத்து வாருங்கள். வேட்டை அறிக்கையைக் காளையை வீழ்த்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் துறைக்கு அனுப்ப வேண்டும்.