ஹேமிட்சின் வயதில் ஹங்கர் கேம்ஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 42. 'தி ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் முதல் மூன்று நாவல்களை இப்போதுதான் படித்து முடித்தேன், உலகமே படித்து, படமாகவும் பார்த்து ஓய்ந்த பிறகு! 15 வயது மகளுக்கு முதல் புத்தகம் என்றால் உயிர், மூன்றாவதைக் கண்டாலே ஆகாது. எனக்கோ மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. இளையோருக்கான கதை இந்த வயதில் நமக்கு எதற்கு என்று ஒரு கூச்சமும் இருக்கிறது. உரிய வயதில் படிக்காமல் எதையாவது இழந்துவிட்டேனா? பின்னால் வந்த முன்கதைகளை எந்த வரிசையில் படிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இழந்தது உண்டு. 2008இல் முதல் நாவல், 2009இலும் 2010இலும் அடுத்த இரண்டு. நடுவில் ஒவ்வோர் ஆண்டு காத்திருந்து, கதாநாயகி காட்னிஸ் யாரைக் கட்டிக்கொள்வாள் என்று நண்பர்களோடு சண்டை போட்ட சுகம் இனி உங்களுக்குக் கிடைக்காது. போகட்டும். (மூன்றையும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவைச் சொல்லப்போகிறேன்.)

கதை நடக்கும் கற்பனை நாட்டில் தலைநகர் ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று பிள்ளைகளைக் குலுக்கலில் எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை சண்டையிடும் போட்டியில் இறக்கித் தொலைக்காட்சியில் காட்டுகிறது. அதில் காட்னிஸுக்கு வழிகாட்டியாக வரும் ஹேமிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். 15 வயதில் படிப்பவருக்கு அவர் குடித்துவிட்டு மேடையிலிருந்து விழும் கோமாளி. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50ஆவது போட்டியில் 16 வயதில் வென்றவர் அவர். காட்னிஸ் போவது 74ஆவதற்கு. அப்படியென்றால் அவருக்கு வயது 40, உங்களைவிட இளையவர். நடுவில் 23 போட்டிகள், ஆண்டுக்கு ஒரு பையன், ஒரு பெண். அத்தனை ஆண்டுகளிலும் 12ஆம் மாவட்டத்துக்கு யாரும் உயிரோடு திரும்பவில்லை. 46 பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருந்து, 46 பேரையும் பறிகொடுத்த மனிதர். இதை முதல் நாவலில் சூசன் காலின்ஸ் எடுத்துச் சொல்லி நம்மை அழவைக்கப் பார்ப்பதில்லை. கதை சொல்பவள் 16 வயதுப் பெண். அவள் கண்ணுக்கு அவர் ஒரு குடிகாரர், அவ்வளவுதான். மிச்சத்தைப் படிப்பவர்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். காட்னிஸின் அம்மா பாத்திரமும் அப்படியே. கணவன் சுரங்க விபத்தில் இறந்ததும் பேச்சற்று உட்கார்ந்துவிட்ட அவளை மகள் மன்னிக்க மாட்டேன் என்கிறாள். உங்களால் அந்த அம்மாவை அவ்வளவு எளிதில் கோபித்துக்கொள்ள முடிந்திருக்காது.

பசியைப் பற்றி இந்த நாவல் சொல்வதும் சின்ன வயதில் கண்ணில் படாமல் நழுவிப்போகும். 12 வயதில் குலுக்கலில் ஒரு சீட்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று கூடும். ஆனால் வீட்டில் பட்டினி என்றால் கூடுதல் சீட்டுகளை ஏற்றுக்கொண்டு, சீட்டுக்கு ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் வாங்கலாம், அதுவும் அரைவயிற்றுக்குத்தான். மூன்று பேர் கொண்ட வீடு காட்னிஸுடையது. 16 வயதில் அவள் பெயர் 20 முறை இருக்கிறது. ஐந்து பேருக்குச் சோறு போட வேண்டிய அவள் நண்பன் கேலின் பெயர் 18 வயதில் 42 முறை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் அதே குலுக்கல்தான், சட்டப்படி எல்லோரும் சமம். பக்கம் பக்கமாக ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசும் நாவல்களைவிட இந்த ஒரு விதி எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, மூன்றாவது புத்தகம். உங்கள் மகளுக்கு அது பிடிக்காததில் ஆச்சரியமில்லை. முதல் நாவலில் வெள்ளிப் பாராசூட்டுகள் நினைவிருக்கிறதா? அரங்கில் சாகக் கிடப்பவர்களுக்குப் பார்வையாளர்களின் பணத்தில் மருந்தும் சூப்பும் அதில்தான் வந்து இறங்கும். தன் மாவட்டத்திலிருந்து உடன் வந்த பையன் பீட்டாவைக் காட்னிஸ் முத்தமிட்டதும் ஒரு சட்டி சூப் வருகிறது. காதல் காட்டினால்தான் சாப்பாடு என்று அவள் புரிந்துகொள்ளும் இடம் அது. (இதைப் படித்தபிறகும் இதை முக்கோணக் காதல் கதை என்பவர்களை என்ன செய்வது!) மூன்றாவது நாவலின் முடிவில் அதே வெள்ளிப் பாராசூட்டுகள் நாட்டின் அதிபர் ஸ்னோவின் மாளிகை முன் நிற்கும் குழந்தைகள்மேல் இறங்குகின்றன. பரிசு என்று நினைத்துக் குழந்தைகள் கை நீட்டுகிறார்கள். உள்ளே குண்டு. காப்பாற்ற ஆட்கள் ஓடிவந்ததும் மிச்சக் குண்டுகள் வெடிக்கின்றன. ஓடிவந்தவர்களில் பிரிம் ஒருத்தி. முதல் நாவலில் யாரைக் காப்பாற்றத் தானே முன்வந்தாளோ அந்தத் தங்கை. அந்தப் பொறியைப் போன்ற ஒன்றைத் திட்டமிட்டவர்களில் கேலும் உண்டு. தலைநகரை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்கள், நம்முடைய ஆட்கள்!

காலின்ஸ் அதோடு விட்டாரா? வென்றவர்களின் தலைவி காயின், தலைநகரின் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு போட்டி நடத்தலாமா என்று வாக்கெடுப்பு வைக்கிறாள். காட்னிஸ் ஆம் என்கிறாள். பிறகு ஸ்னோவைக் கொல்லக் கொடுத்த அம்பைக் காயின்மேல் எய்கிறாள். அந்த ஆம் தந்திரமா, அந்த நொடியில் உண்மையாகவே சொன்னதா என்று வாசகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டும்தான் என்பது என் கட்சி. 15 வயதில் கதாநாயகி வெல்ல வேண்டும், வென்றதற்கு அர்த்தமும் இருக்க வேண்டும். காலின்ஸ் அதைத் தர மறுக்கிறார். அவருடைய தந்தை அமெரிக்க விமானப்படை அதிகாரி, 1968இல் வியட்நாம் போனவர். அப்போது மகள் சின்னக் குழந்தை. ரியாலிட்டி ஷோவும் இராக் போர்க் காட்சிகளும் மாறி மாறி ஓடிய தொலைக்காட்சியில்தான் இந்தக் கதை தனக்குத் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். போரை எழுத வந்தவர், போட்டியை வைத்து உள்ளே இழுத்தார். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அவர் எழுத வந்த கதைதான். கூச்சத்தை விடுங்கள்.

முன்கதைகளை வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். கதை நடக்கும் காலப்படி அடுக்கத் தேவையில்லை. 2020இல் வந்தது 'தி பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்'. 10ஆவது போட்டி, 18 வயது ஸ்னோ. வறுமையை மறைத்துக்கொண்டு நல்ல சட்டைக்கு அலையும் பையன். பாதிவரை அவன் ஜெயிக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். 2025இல் வந்த 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' ஹேமிட்சின் போட்டி. அந்த ஆண்டு 24 பேர் அல்ல, 48 பேர். அதைத் தொடங்குமுன் ஒரு விடுமுறை நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நடுவில் கீழே வைக்க முடியாது.