இந்தியப் பெண்களுக்கு ஓட்டுரிமை போராடாமலேயே கிடைத்ததா?

"இங்கிலாந்துப் பெண்கள் ஜெயிலுக்குப் போய் வாங்கினார்கள், இங்கே அரசியல் சட்டம் சும்மா தூக்கிக் கொடுத்தது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் இந்தக் கேள்வியைப் போட்டிருப்பீர்கள். என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் இந்தியா பொறுப்பில் இருந்த பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவை நேரில் பார்த்து ஓட்டு கேட்டது. அதன் பின்னால் வேலை பார்த்தது அடையாறில் அதே வருஷம் தொடங்கிய இந்திய மாதர் சங்கம். பிரிட்டிஷார் கொண்டுவந்த 1919 இந்திய அரசுச் சட்டம் பெண்களுக்கு ஓட்டை நேரடியாகத் தராமல் மாகாண சபைகளின் தலையில் கட்டியது. 1921ல் சென்னை சபைதான் முதலில் தீர்மானம் போட்டது.

ஆனால் அது சொத்து இருந்தவர்களுக்குத்தான். பாம்பன் பக்கம் ஓலைக் குடிசையில் இருந்த எங்கள் பாட்டிமார்களுக்கு அது ஒன்றுமில்லை. அக்கரையில், கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கையில் 1931லேயே 21 வயதுப் பெண்களுக்குச் சொத்து கேட்காமல் ஓட்டு வந்துவிட்டது. நமக்கு 1952 வரை ஆனது. அப்போதும் சுமார் 28 லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்ததால் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இனி என் அம்மா கதை. அம்மா கடலில் பாசி எடுக்கிறவள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும் நாட்களில்தான் அந்தத் தொழிலில் நாலு காசு. 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தல் சரியாக அமாவாசையை ஒட்டி வந்தது. கடலுக்குப் போகாமல் ஓட்டுப் போட வந்தாள். தெருமுனையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பையன், "ஆத்தா, மாமா சொன்ன சின்னம் ஞாபகம் இருக்குல்ல?" என்றான். "ஒங்க மாமா ஓட்ட ஒங்க மாமா போடுவாரு. நீ சீட்டக் குடு" என்றாள்.

உள்ளே மை வைக்க விரலைக் கேட்டார்கள். பாறையில் கிழியாமல் இருக்க விரலில் துணி சுற்றித்தான் பாசி பறிப்பார்கள், அப்படியும் கிழியும். சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து கிடந்தது. மை வைக்கும் பெண் அலுவலர் ஒரு நிமிஷம் தயங்கி, "எரியுமேம்மா" என்றார். "உப்புத் தண்ணிய விடவா எரியப்போவுது, வைங்க" என்றாள் அம்மா. பின்னால் வரிசையில் நின்று நானே கேட்டது இது.

"ஒரு பெண்ணை வைத்து எல்லோரையும் சொல்லாதே, பாதிப்பேர் வீட்டுக்காரர் சொன்னதற்குத்தான் போடுகிறார்கள்" என்று பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். ஆண்கள் ஜாதித் தலைவர் சொன்னதற்குப் போடுவதில்லையா? அதை வைத்து ஆண்களுக்கு ஓட்டு எதற்கு என்று யாராவது கேட்டார்களா? உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்த பிறகு இங்கே நடந்த முதல் தேர்தல் அந்த 2019 தேர்தல்தான். தலைவராக வந்த பெண்ணுக்குப் பதில் புருஷன் கையெழுத்துப் போடுகிற ஊர்களும் உண்டு. அதற்கும் அந்தப் பெண்ணைத்தான் திட்டுகிறார்கள், போடுகிற கையை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி எல்லாம் காயவைத்து மூட்டை கட்டிக் கொண்டுபோனால் "ஈரம் இருக்கு, மண்ணு இருக்கு" என்று எடையில் கழிக்கிறார் எங்கள் பக்கத்தில் பாசி வாங்கும் ஏஜென்ட். எவ்வளவு கழிப்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். அவரிடம் முன்பணம் வாங்கியிருப்பதால் வேறு ஆளிடம் கொண்டுபோகவும் முடியாது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அம்மா முதலில் கேட்கப்போவது இந்தத் தராசைப் பற்றித்தான்.