பூட்டிய பெட்டியும் இரண்டு புரிக் கயிறும்

அன்புள்ள அண்ணா,

போன வாரம் வெயிலும் தோலும் பற்றி நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். டிஎன்ஏ பூட்டிய பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அந்த இடத்தில் என்னை நிறுத்திவிட்டாள். “ஜீனைப் படிக்கணும்னா ரெண்டு இழையையும் பிரிக்கணுமே, அப்ப பெட்டி திறந்துதானே கிடக்கும்?” என்றாள். அதோடு விட்டாளா? அதிகம் படிக்கப்படும் ஜீன்தானே அதிகம் கெட்டுப்போக வேண்டும் என்கிறாள். நான் கணக்கு டீச்சருங்க. உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் மகள் என்னை வசமாகப் பிடித்துவிட்டாள். பூட்டிய பெட்டி என்பது எழுதும் வேகத்தில் வந்து விழுந்த உவமை, தப்பான உவமை. செல் தன் டிஎன்ஏவை ஓயாமல் திறந்துகொண்டேதான் இருக்கிறது. திறக்கும்போது வருகிற முதல் ஆபத்து வெளியிலிருந்து வருவதும் இல்லை. முறுக்கிலிருந்து வருகிறது.

டிஎன்ஏ என்பது இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு கிடப்பது. இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் கயிறே போதும். கோபாலபுரம் பக்கம் எங்கள் அம்மத்தா வீட்டுத் திண்ணையில் எப்போதும் தேங்காய் நார் குவிந்து கிடக்கும். அம்மத்தா இரண்டு புரிக் கயிறு திரிப்பார். நாங்கள் பொடிசுகள், திரித்த கயிற்றின் இரண்டு புரிக்கும் நடுவே குச்சியைச் செருகி முன்னால் தள்ளி விளையாடுவோம். நாலு விரற்கடை போவதற்குள் குச்சிக்கு முன்னால் முறுக்கு ஏறி, கயிறு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முண்டு முண்டாக எழும்பும். குச்சிக்குப் பின்னால் தொளதொளவென்று கிடக்கும். நுனியைக் கையில் பிடித்திருந்தால்தான் இந்த வம்பு, விட்டுவிட்டால் கயிறு சுழன்று சரியாகிவிடும். டிஎன்ஏவுக்கு அந்த வசதி இல்லை. ஒரு செல்லுக்குள் மொத்தம் இரண்டு மீட்டர் நீளம், அங்கங்கே புரதங்களில் கட்டுண்டு கிடக்கிறது, நுனி எங்கேயோ.

ஜீனை ஆர்என்ஏ என்ற நகலாகப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதிதான் அந்தக் குச்சி. அது ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு எழுத்து (டிஎன்ஏ இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்) அளவுக்குத்தான் இழைகளைப் பிரிக்கிறது. முன்னால் பிரிய, பின்னால் மூடிக்கொள்ளும். ஆக, உங்கள் மகள் நினைக்கிற மாதிரி கதவு அகலத் திறந்து கிடப்பதில்லை, ஒரு சிறிய இடைவெளிதான் நகர்ந்துகொண்டே போகிறது. ஆனால் முறுக்கு ஏறத்தான் செய்யும். முன்னால் இறுகும், பின்னால் தளரும் என்பதை லியூ, வாங் என்ற இருவர் 1987இல் விளக்கினார்கள். கணக்கு டீச்சருக்கு ஒரு கணக்கு: தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோபின் புரதத்தின் ஜீன் சுமார் 22 லட்சம் எழுத்து. ஒரு முறை படியெடுத்து முடிக்கவே கிட்டத்தட்ட 16 மணி நேரம் ஆகும். பத்தரை எழுத்துக்கு ஒரு சுற்று என்றால் எத்தனை சுற்று பிரிய வேண்டும்? இரண்டு லட்சத்துக்கும் மேல்.

இதை அவிழ்க்கச் செல் வைத்திருக்கும் வழி, கயிறு திரிப்பவர் யாரும் செய்யத் துணியாதது. டோபோஐசோமரேஸ் 1 என்ற நொதி ஒரு புரியை வெட்டிவிடுகிறது! வெட்டிய நுனியைத் தன்னோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது, முறுக்கு சுழன்று இறங்குகிறது, பிறகு அதே நுனியை ஒட்டிவிடுகிறது. டிஎன்ஏ அறுந்துவிடாமல் இருக்க டிஎன்ஏவையே வெட்டுவது. முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

வெட்டிய நிலையிலேயே அந்த நொதி சிக்கிக்கொண்டால்? அங்கேதான் ஒரு புற்றுநோய் மருந்து இருக்கிறது. கேம்ப்டோதெசின் என்ற பொருள் 1966இல் ஒரு சீன மரத்திலிருந்து கிடைத்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், பூ நாறுகிற ஒரு சின்ன மரத்திலும் அது இருப்பதை 1972இல் சென்னைக்காரரான வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் கண்டார்கள். இந்தப் பொருள் நொதியை ஒட்டவிடாமல் தடுத்துவிடும். பெருகிக்கொண்டிருக்கும் செல் டிஎன்ஏவை நகலெடுத்துக்கொண்டு அந்த வெட்டில் வந்து மோதும்போது இரண்டு புரியும் அறுந்து செல் சாகும். இதன் வழிவந்த டோபோடெக்கான், இரினோடெக்கான் இரண்டும் இன்றும் ஆஸ்பத்திரிகளில் உண்டு. நம் மலையில் வளரும் அந்தச் சின்ன மரத்தைத்தான் வெட்டி வெட்டி அருகிப்போகச் செய்துவிட்டோம். சரி, அது வேறு புலம்பல்.

பின்னால் தளர்ந்து கிடக்கிறதே, அங்கே இன்னொரு தொல்லை. புதிதாக எழுதிய ஆர்என்ஏ வெளியே போகாமல் திரும்பி வந்து, தான் பிறந்த இழையோடேயே ஒட்டிக்கொள்ளும். ஜோடியை இழந்த மற்ற இழை தனியாக வெளியே வளைந்து தொங்கும். இதற்கு ஆர்-லூப் என்று பெயர். தனி இழையில் சைட்டோசின் என்ற எழுத்து, டிஎன்ஏவில் இருக்கக் கூடாத யுராசிலாக மாறும் வேகம், ஜோடியாக இருக்கும்போது இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல். செல் இதை வராமல் தடுக்கவே பார்க்கிறது. ஆர்என்ஏ வெளியே வர வர அதன்மேல் புரதங்களைப் போர்த்திவிடுகிறது. ஈஸ்ட்டில் இந்த வேலையில் பங்குள்ள தோ என்ற புரதக் கூட்டத்தைக் கெடுத்தால் ஆர்-லூப் பெருகி டிஎன்ஏ தாறுமாறாகிறது. தப்பி ஒட்டிக்கொண்டதை ஆர்என்ஏஸ் எச் என்ற நொதி அரித்துத் தின்னும், செனடாக்சின் என்ற புரதம் பிரித்தெடுக்கும். செனடாக்சின் ஜீனில் பிழை இருந்தால் ஒருவகை நரம்பு நோய் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், நம் நோய் எதிர்ப்புச் செல்கள் எதிர்ப்பொருளின் வகையை மாற்ற இதே ஆர்-லூப்பை வேண்டுமென்றே உண்டாக்கி, அந்த இழையை வெட்டிக்கொள்கின்றன.

அப்புறம் மகளின் இரண்டாவது கேள்வி. பாதி சரி. அதிகம் படிக்கப்படும் இடத்தில் சேதம் வர வாய்ப்பும் அதிகம். ஆனால் படிக்கப்படுவதால்தான் அந்தச் சேதம் கண்ணில் படுகிறது. வெயில்பட்டு இரண்டு எழுத்துகள் பின்னிக்கொண்ட இடத்துக்கு வந்ததும் பாலிமரேஸ் நகர முடியாமல் நின்றுவிடும். நின்றதைக் கண்டு சிஎஸ்பி என்ற புரதம் வந்து சேரும், அதன் பின்னால் பழுது பார்க்கும் கூட்டம் வரும். படிக்கப்படும் இழைதான் சீக்கிரம் சரியாகிறது, அதன் ஜோடி இழை மெதுவாகத்தான் என்று ஸ்டான்ஃபோர்டில் ஹானவால்ட்டின் குழு 1987இல் காட்டியது. யாரும் படிக்காத ஜீனில் சேதம் நெடுநேரம் கிடக்கலாம்.

அந்த சிஎஸ்பி பழுதானவர்களுக்குக் காக்கெய்ன் நோய் என்ற பிறவி நோய் வருகிறது, 1936இலேயே பதிவானது. குழந்தை வளராது, சீக்கிரமே முதுமை தட்டும், வெயில் ஆகாது. ஆனால் தோல் புற்றுநோய் அவர்களுக்கு அதிகமாக வருவதில்லை. ஏன் என்று உங்கள் மகள் நிச்சயம் கேட்பாள், அதற்குத் தனியாக ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள்.

குச்சி விளையாட்டையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் நார் மில்லுக்கா பஞ்சம்? ஒரு முழம் கயிறு போதும், இரண்டு நுனியையும் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். பூட்டிய பெட்டி என்ற வரியைக் கட்டுரையிலிருந்து இன்று காலையே எடுத்துவிட்டேன்.